உவகைக் கலுழ்ச்சி: பட்டாளத்துக்குப் பிள்ளை அனுப்பும் அம்மாக்கள்

2023 தொடக்கத்தில், வேலூரை அடுத்த ஒரு கிராமத்தில், என் சித்தி ஒரு படிவத்தில் நான்கு இடங்களில் கையெழுத்துப் போட்டார். அவர் மகனுக்கு, அதாவது என் தம்பிக்கு, 18 நிறைய இன்னும் இரண்டு மாதம் பாக்கி. நான்கு ஆண்டுப் பணிக்குப் படையில் ஆள் எடுக்கும் அக்னிபாத் திட்டத்தில் சேர 17½ வயதே போதும். 18 முடியாதவர் என்றால் பெற்றோரோ காப்பாளரோ ஒப்பமிட வேண்டும். சித்தப்பா இல்லை. எனவே பேனா சித்தி கைக்கு வந்தது.

"இங்க போடு, அங்க போடுன்னாங்கோ. போட்டுட்டேன். ஊட்டுக்கு வந்து சோறு வடிக்கச் சொல்லோதான் வயித்தக் கலக்கிச்சு" என்றார் பிறகு. அன்று மாலையே தெருவில் நாலு வீட்டுக்கு அவர் கேசரி கொடுத்தனுப்பியதையும் நான் பார்த்தேன். வயிறு கலங்கியது, கேசரி கிண்டியது, இரண்டும் ஒரே ஆள், ஒரே அடுப்பு.

பட்டாளத்துக்காரன் அம்மாவுக்கு நம் பொதுவெளி இரண்டே முகங்களைத்தான் கொடுத்து வைத்திருக்கிறது. மைக்கின் முன்னால் பெருமிதம். பெட்டி வந்து இறங்கினால் ஒப்பாரி. இந்த இரண்டுக்கும் இடையில் கிடக்கும் வருடங்கள், அதாவது பிள்ளை உயிரோடும் வேலையோடும் இருக்க, இவள் ஊரில் இருந்துகொண்டு நாளைத் தள்ளும் வருடங்கள், யார் கண்ணிலும் படுவதில்லை. அந்த வருடங்களுக்குள் என்ன நடக்கிறது என்பதே இந்தக் கட்டுரையின் தேடல்.

இந்தப் பேச்சை எடுத்தாலே நம்மில் பலர் புறநானூற்றைத் துணைக்கு அழைப்பார்கள். மறக்குடித் தாய், புலி கிடந்த குகை போன்ற வயிறு, மார்பில் புண் பட்டு விழுந்த மகன்: மேடைத் தமிழ் இவற்றைத் தேய்த்துத் தேய்த்து ஒரே வண்ணம் ஆக்கிவிட்டது. பாட்டுகளைத் திரும்பப் படித்துப் பார்த்தால் அந்த வண்ணம் அங்கே இல்லை.

ஒக்கூர் மாசாத்தியாரின் 279ஆம் பாட்டையே எடுத்துக்கொள்வோம். முந்தைய போரில் அவளுடைய உடன்பிறந்தவன் போய்விட்டான் (தந்தை என்று கொள்வாரும் உண்டு). நேற்று கணவன். இன்று மறுபடியும் பறை கேட்கிறது. இருப்பது ஒரே மகன். அவன் கையில் வேல் கொடுத்து அனுப்புகிறாள். இவ்வளவும் எல்லோருக்கும் தெரிந்த கதை. நான் நிற்கும் இடங்கள் மூன்று. முதலாவது, பாட்டு பாராட்டில் தொடங்கவில்லை. இவள் துணிவைப் பார்த்தவர் ஒருவர் மனம் நடுங்கிச் சொல்லும் சொல்லில் தொடங்குகிறது. பாடிய புலவரும் ஒரு பெண் என்பதை மறக்கக் கூடாது. இரண்டாவது, பறை கேட்டதும் அந்தத் தாய்க்கு ஆசையும் எழுகிறது, அறிவும் கலங்குகிறது. புலவர் இரண்டையும் ஒட்டி ஒட்டி வைத்திருக்கிறார். நடுவில் 'ஆனாலும்' என்று ஒரு சொல்கூட இல்லை. மூன்றாவது, எண்ணெய். வறண்டு பறக்கும் பிள்ளையின் குடுமிக்கு எண்ணெய் தடவி நீவிவிடுகிறாள். போருக்குப் போகிறவனுக்கு எண்ணெய் எதற்கு? பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிற கை, போருக்கு அனுப்பும்போதும் பழைய வேலையைத்தான் செய்கிறது.

277ஆம் பாட்டில் பூங்கணுத்திரையார் காட்டும் முதியவளுக்கு மகன் யானையைக் கொன்று தானும் மடிந்த செய்தி வருகிறது. பெற்ற நாளைவிட மகிழ்கிறாள். ஆனால் அந்தப் பாட்டு முடியும் இடம் மகிழ்ச்சியில் இல்லை, கண்ணீரில் இருக்கிறது. மழை ஓய்ந்த பின் மூங்கிலில் தொங்கும் துளிகளைவிட அவள் கண்ணீர் அதிகம். இதற்குப் பழைய ஆசிரியர்கள் வகுத்திருக்கும் துறையின் பெயர் உவகைக் கலுழ்ச்சி. உவகை என்றால் மகிழ்ச்சி, கலுழ்ச்சி என்றால் அழுகை. இரண்டு உணர்வையும் பிரிக்காமல் ஒரே பெயருக்குள் கட்டிவைத்த மரபு நம்முடையது. என் வருத்தமெல்லாம், அந்தப் பெயரையும் களத்தில் விழுந்தவனைக் கண்டு அழும் நேரத்துக்கே ஒதுக்கிவிட்டார்கள் என்பதுதான். உயிரோடு இருக்கும் மகனைப் பற்றிய உவகைக் கலுழ்ச்சிக்கு இலக்கணத்தில் துறை இல்லை.

வேலூர் மாவட்டத்துக்குப் பட்டாளம் புதிதல்ல. கம்மவான்பேட்டையை 'ராணுவப்பேட்டை' என்றே சொல்வார்கள். வீட்டுக்கு ஒருவராவது படையில் இருந்த, இருக்கிற ஊர். தமிழ்நாட்டுக் கிராமங்கள் சிலவற்றில் முதல் உலகப் போரை ஒட்டி வெள்ளைக்காரர்கள் பதித்த கல் இன்றும் இருக்கிறது. இந்த ஊரிலிருந்து போனவர்கள் இத்தனை பேர், திரும்பாதவர்கள் இத்தனை பேர். பெயர்கூட இருக்காது, எண்ணிக்கைதான். அந்தக் கற்களைப் பார்க்கும்போதெல்லாம், திரும்பாத அந்த எண்ணிக்கைக்குச் சமமான எண்ணிக்கையில் வாசலில் உட்கார்ந்திருந்த பெண்கள் எனக்கு நினைவுக்கு வருவார்கள்.

பாலாறு வறண்ட சீமையில் பட்டாளம் என்பது வீரம் என்பதற்கு முன்னால் ஒரு மாதச் சம்பளம். அதைச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை. விடியற்காலை 5 மணிக்கு ஏரிக்கரை ரோட்டில் ஓடும் பையன்களைக் கேட்டால் தெரியும். 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடினால் 60 மதிப்பெண். பத்து முறை கம்பியில் ஏறி இறங்கினால் 40. ஒன்பதடிப் பள்ளத்தைத் தாண்ட வேண்டும். சித்தி தம்பிக்காக மூன்று மாதம் தினமும் நாலரைக்கு எழுந்தார். முட்டை வேகவைத்தார், ராகிக் கஞ்சி காய்ச்சினார், கையில் செல்போனைப் பிடித்துக்கொண்டு கரையில் நின்று நேரம் பார்த்துச் சொன்னார். "அஞ்சு நாப்பது" என்று ஒரு நாள் சொல்லும்போது அவர் முகத்தில் ஏமாற்றம் இருந்தது. ஐந்தரைக்குள் வந்த நாளில் என்ன இருந்தது என்று கேட்டேன். "சந்தோசந்தான்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அன்னிக்கித்தான் பயமும் வந்திச்சு. அதுவரிக்கும் இது நடக்காதுன்னு ஒரு பக்கம் நெனச்சிக்கினு இருந்தேன்" என்றார்.

அமெரிக்க மெய்யியலாளர் சாரா ரடிக் 1989இல் வெளியிட்ட 'மெட்டர்னல் திங்க்கிங்' என்ற நூல் இந்த இடத்தில் எனக்கு வெளிச்சம் தந்தது. தாய்மையை அவர் ஒரு குணமாகப் பார்க்கவில்லை, வேலையாகப் பார்த்தார். அந்த வேலை தாயிடம் மூன்றைக் கேட்கிறது: பிள்ளையின் உயிரைக் காப்பாற்று, அதை வளர விடு, ஊர் ஏற்றுக்கொள்ளும்படி ஆளாக்கு. பெரும்பாலான நாட்களில் மூன்றும் ஒரே திசையில் போகும். முட்டை வேகவைத்துக் கொடுப்பதில் மூன்றுமே இருக்கிறது. பட்டாளத்துக்கு அனுப்பும் நாளில்தான் மூன்றும் மூன்று பக்கம் இழுக்கின்றன. வளர விட வேண்டுமென்றால் போக விட வேண்டும். ஊர் மதிக்க வேண்டுமென்றால் பெருமையோடு அனுப்ப வேண்டும். உயிரைக் காக்க வேண்டுமென்றால் கதவைச் சாத்த வேண்டும். தாய்க்கு வருகிற கலக்கத்தைக் கோழைத்தனம் என்றோ அறியாமை என்றோ சொல்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். தன் வேலையை ஒழுங்காகச் செய்த பெண்ணுக்குத்தான் அந்தக் கலக்கம் வரும்.

புறப்படுவதற்கு முந்தைய வாரம் வீட்டில் தினமும் சண்டை. துண்டை நனைத்துப் போட்டுவிட்டான், சாப்பிட்ட தட்டை எடுக்கவில்லை, பைக்கை வெயிலில் நிறுத்திவிட்டான். சித்தி அவனிடம் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. அவனும் எதிர்த்துப் பேசினான். இதுவும் ஆராயப்பட்ட ஒன்று என்பது பிறகுதான் தெரிந்தது. அமெரிக்கக் கடற்படைக் குடும்பங்களைக் கவனித்து கேத்லீன் வெஸ்டல் லோகன் 1987இல் எழுதிய கட்டுரை, பிரிவுக்கு முந்தைய நாட்களில் காரணமில்லாத எரிச்சலும் சச்சரவும் வருவதைப் பிரிவுச் சுழற்சியின் முதல் கட்டமாகவே குறிக்கிறது. பிரிவதற்கு மனம் தன்னைத் தயார் செய்துகொள்ளும் வழி அது. கோபமாக இருக்கும்போது விட்டுப் பிரிவது கொஞ்சம் சுலபம்.

ஆனால் லோகன் எழுதியது மனைவியரைப் பற்றி. படைக்குடும்பம் பற்றிய ஆய்வுகளில் பெரும் பங்கு மனைவியையும் சிறு குழந்தைகளையும் சுற்றியே இருக்கிறது. வளர்ந்த பிள்ளையை அனுப்பிய பெற்றோருக்கு அதில் கிடைத்த இடம் கொஞ்சம். திரைப்படமும் அப்படித்தான். மேஜர் முகுந்த் வரதராஜனின் வாழ்வைச் சொன்ன 2024ஆம் ஆண்டின் 'அமரன்' அவர் மனைவியின் பார்வையில்தான் விரிகிறது. அதில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. ஆனால் அக்னிபாத் வந்த பிறகு படைக்குப் போகிறவனுடைய குடும்பத்தின் அமைப்பே மாறியிருக்கிறது. அந்தத் திட்டத்தில் சேரும் அக்னிவீரர் மணமாகாதவராக இருக்க வேண்டும். நான்கு ஆண்டும் கல்யாணம் கூடாது. அதாவது புதிதாகச் சேரும் அக்னிவீரர் ஒவ்வொருவருக்கும், காத்திருப்பவர், போன் எடுப்பவர், ஆவணத்தில் நெருங்கிய உறவு என்று எழுதப்படுபவர் பெற்றோர்தான். மனைவி இருந்த இடத்துக்கு அம்மா வந்துவிட்டாள். ஆய்வுகளும் உதவி ஏற்பாடுகளும் இன்னும் பழைய இடத்திலேயே நிற்கின்றன.

தம்பிக்கு வெலிங்டனில் பயிற்சி. நீலகிரியில் உள்ள மதராஸ் ரெஜிமென்டின் மையம் அது. 1758இல் தோற்றம் கொண்ட, இந்தியத் தரைப்படையின் மிகப் பழைய காலாட்படை ரெஜிமென்ட். 'வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு' என்பது அதன் போர்முழக்கம். போன் கையில் கிடைத்த முதல் ஞாயிற்றுக்கிழமை தம்பி அதைச் சொல்லிக் காட்டினான். சித்தி ஸ்பீக்கரில் போட்டு எங்களுக்கும் கேட்க வைத்தார். எறும்பை மிதித்தால் அழுகிற பிள்ளை என்று அவனைச் சின்ன வயதில் சொல்வோம். அன்று எல்லோரும் சிரித்தோம், கை தட்டினோம். சித்தியும் தட்டினார். ராத்திரி பாத்திரம் துலக்கும்போது, "கொல்லுன்றான் பாரு, நம்ம புள்ள" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிள்ளை சாவானோ என்ற பயத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். பிள்ளை கொல்வானோ என்ற இன்னொரு பயம் இருக்கிறது. வாய்விட்டுச் சொல்ல முடியாததாலேயே அது கனமானது.

இன்னொரு ஞாயிறு. "நாமினின்னு ஒன் பேர்தாம்மா எழுதிக்கிறேன். நூறு பர்சென்ட்டும் ஒனக்குத்தான்" என்றான். அக்னிவீரருக்கு 48 லட்சம் ரூபாய்க்கு ஆயுள் காப்பீடு உண்டு. அதற்கு அவர் சம்பளத்திலிருந்து பிடித்தம் இல்லை. பணியால் நேரும் மரணம் என்றால் அதற்கு மேல் 44 லட்சம் கருணைத் தொகை. 18 வயதுப் பையன் தன் அம்மாவுக்குத் தான் செய்த முதல் பெரிய காரியமாக அதை நினைத்துச் சொன்னான். குரலில் அந்தப் பெருமை இருந்தது. சித்திக்கு நாமினி என்றால் என்னவென்று தெரியவில்லை. போனை வைத்த பிறகு தங்கச்சி விளக்கினாள். சித்தி ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய்க் கொடியில் காய்ந்த துணிகளை எடுத்து மடித்தார். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார். அவனுக்கு அது பாசம். இவருக்கு அது பிள்ளையின் உயிருக்கு எதிரே தன் பெயரை எழுதிய ஒரு தாள். அவனிடம் போய் அதை மாற்றி எழுதச் சொல்ல முடியுமா? மாற்றினால் யார் பெயரை எழுதுவான்?

பணத்தின் கணக்கு அதோடு முடிவதில்லை. முதல் ஆண்டு மாதம் 30,000 ரூபாய், நான்காம் ஆண்டு 40,000. அதில் 30 சதவீதம் சேவா நிதிக்குப் பிடிக்கப்படும். அதே அளவு அரசும் போடும். நான்கு ஆண்டு முடிவில் வட்டியோடு சுமார் 11.71 லட்சம். ஓய்வூதியம் கிடையாது. ஒவ்வொரு அணியிலும் 25 சதவீதம் பேர் வரைதான் நிரந்தரமாக எடுத்துக்கொள்ளப்படுவார்கள். இதற்கு முந்தைய தலைமுறை அம்மாக்களுக்கு ஒரு பயம்தான்: திரும்பி வருவானா? இப்போது இரண்டு. திரும்பி வருவானா? நாலு வருடத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்களா? இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை. வீட்டுக்கு வந்தால் போதும் என்று வேண்டுகிற வாயே, வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது என்றும் வேண்டுகிறது. படவேட்டம்மன் கோயிலில் சித்தி என்ன வேண்டிக்கொண்டார் என்று கேட்டதற்கு, "அவ இஷ்டம்னு உட்டுட்டேன். இன்னா கேக்கறதுன்னே தெர்ல" என்றார்.

அரசுக்கு அம்மாக்களின் நினைவே இல்லை என்று சொல்ல முடியாது. ஒரே பிள்ளையைப் படைக்கு அனுப்பிய பெற்றோருக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட பிள்ளைகளை அனுப்பியவர்களுக்கும் தமிழ்நாட்டில் போர்ப்பணி ஊக்க மானியம் உண்டு. வெள்ளிப் பதக்கமும் உண்டு. பயிற்சி முடித்து உறுதிமொழி எடுக்கும் 'கசம் பரேடு' அன்று சில பயிற்சி மையங்களில் பெற்றோருக்கு 'கௌரவ் பதக்' அணிவிக்கிறார்கள். சென்னைப் பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தில், அணிவகுப்பு முடிந்ததும், பெற்றோர் தம் கையாலேயே பிள்ளையின் தோளில் நட்சத்திரம் குத்துவார்கள். அங்கே 1992 முதல் பெண்களும் பயின்று அதிகாரிகளாகிறார்கள். மகளின் தோளில் நட்சத்திரம் குத்தும் அம்மாக்களின் படங்கள் ஒவ்வொரு அணிவகுப்புக்கும் மறுநாள் பத்திரிகையில் வரும். அந்தப் படங்களில் நான் விரல்களைத்தான் பார்ப்பேன். பள்ளிக்கூடச் சீருடைக்குப் பட்டன் தைத்த விரல்கள் அவை.

பதக்கம் பெருமையைப் பார்த்துக் கொடுக்கப்படுவது. மற்றப் பாதியை அது தொடுவதில்லை. அந்த மற்றப் பாதி வாய் திறந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ரஷ்யா ஒரு சாட்சி. 1989இல் சோவியத் ஒன்றியத்தில் படைவீரர் தாய்மார் குழு உருவானது. புதிதாக வரும் பையன்களை மூத்தவர்கள் அடித்து வதைக்கும் 'தெதோவ்ஷினா' என்ற வழக்கத்தை அந்தப் பெண்கள் வெளியே கொண்டுவந்தார்கள். 1994 டிசம்பரில் செச்னியப் போர் தொடங்கியபோது சிலர் நேரே போர்க்களத்துக்கே போய்ப் பிள்ளைகளைத் தேடினார்கள். பிடிபட்டவர்களை மீட்டு வீட்டுக்கு அழைத்து வந்தவர்களும் உண்டு. 1996இல் அந்தக் குழுவுக்கு 'ரைட் லைவ்லிஹுட்' விருது கிடைத்தது. அங்கே படைச்சேவை கட்டாயம். தாய் கையெழுத்துப் போட்டு அனுப்பவில்லை. அதனால் கேட்பதற்கு அவளுக்கு உரிமை இருந்தது. இங்கே பிள்ளை விரும்பிப் போகிறான், தாய் ஒப்பமிடுகிறாள். பிறகு அவள் வாய் திறந்தால் பக்கத்து வீட்டிலேயே கேட்பார்கள்: "நீதான கையெழுத்துப் போட்ட?" விருப்பச் சேவை என்பது பிள்ளைக்குச் சுதந்திரம், அம்மாவுக்கு அதுவே வாய்ப்பூட்டு. இதை நான் எந்த ஆய்வு நூலிலும் படிக்கவில்லை. சித்தி வீட்டுத் திண்ணையில் கேட்டேன்.

இல்லாமலும் போகாமல், இருக்கிறார் என்றும் சொல்ல முடியாமல் ஒருவர் நடுவில் நிற்கும் நிலையை பாலின் பாஸ் என்ற ஆய்வாளர் 'தெளிவற்ற இழப்பு' என்றார். வியட்நாம் போரில் காணாமல்போன விமானிகளின் குடும்பங்களோடு 1970களில் வேலை செய்தபோது அவர் கண்டடைந்தது அது. அதன் கொடுமையான வடிவம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இலங்கைப் போரில் காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டு 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் சாலையோரத்தில் உட்கார்ந்த தாய்மாரை நினைக்கும்போது, என் சித்தியின் கவலையை அதன் அருகில் வைக்கவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. இரண்டும் ஒன்றல்ல. சித்திக்கு ஞாயிற்றுக்கிழமை போன் வரும். ஆனால் அந்தப் போன் வராத ஞாயிறுகளில், ஒன்றரை நாள் அளவுக்கு, அவரும் அந்த நடுவில் போய் நின்றுவிட்டுத் திரும்பி வருகிறார்.

புறநானூற்று 86ஆம் பாட்டில் ஒருவர் சிறுவீட்டின் தூணைப் பிடித்துக்கொண்டு, உன் மகன் எங்கே என்று கேட்கிறார். எங்கே இருக்கிறானோ தெரியாது என்பதே அதைப் பாடிய காவற்பெண்டின் முதல் பதில். புலியும் குகையும் அதற்குப் பிறகுதான் வருகின்றன. நாம் புலியைப் பிடித்துக்கொண்டோம்; 'தெரியாது' என்பதை விட்டுவிட்டோம்.

"எங்க கீறான் ஒன் புள்ள?" என்று இப்போதும் தெருவில் யாராவது கேட்கிறார்கள். "வடக்க கீறான்" என்பார் சித்தி. அதற்கு மேல் அவருக்கும் தெரியாது; இடம் சொல்லக் கூடாது என்று அவனுக்கு உத்தரவு. குளிருகிறது என்று மட்டும் ஒரு முறை சொல்லியிருந்தான். தங்கச்சியைவிட்டுப் போனில் வானிலை பார்க்கும் ஏற்பாடு செய்துகொண்டார். லே, குப்வாரா, தவாங் என்று மூன்று ஊர்கள். அவன் எதில் இருக்கிறான், மூன்றிலுமே இல்லையா, தெரியாது. தினமும் காலையில் தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போவதற்கு முன்னால் மூன்றையும் பார்த்துவிட்டு, மூன்றில் எது அதிகக் குளிரோ அந்த எண்ணைச் சத்தமாகச் சொல்கிறார்.